'சார் என்ன பண்றீங்க?'

விஸ்வநாதன் ஆனந்த் பேட்டிகளில் சொல்லியிருக்கும் ஒரு ரயில் சமாசாரம். பக்கத்து சீட் பெரியவர் ஒருவர், என்ன பண்றீங்க என்று இவரை விசாரித்திருக்கிறார். செஸ் ஆடறேன் என்றிருக்கிறார் இவர். விளையாட்டெல்லாம் சோறு போடாதுப்பா, நீ என்ன விஸ்வநாதன் ஆனந்தா என்கிற ரீதியில் அட்வைஸ் பண்ணினாராம் பெரியவர்!

கேட்டவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பெரியவர் கட்சி.

1994. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி வாங்கிக்கொண்டு எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் ஐம்பது வயதுக்காரர். வெள்ளை அரைக்கை சட்டை, காலடியில் ரெக்ஸின் பை. தாம்பரம் தாண்டுவதற்குள் இன்டர்வியூவை ஆரம்பித்துவிட்டேன்.

"சார் எங்கே வேலை?"

"டெல்லியில. ரேடியோ."

"டெக்னிக்கல் சைடா?"

"இல்லே தம்பி, படிக்கிற சைடு."

"இந்த வயசிலயுமா படிக்கிறீங்க? டிபார்ட்மென்ட் எக்ஸாமா சார்?"

ஒரு வினாடி என்னையே பார்த்தார். "ஆமா, தினமும் எக்ஸாம்தான்" என்றார்.

விட்டேனா? அப்போதுதான் ஒரு பரீட்சை பாஸ் பண்ணி வேலைக்கு வந்திருந்த திமிர். "காலங்காத்தால எழுந்து சத்தமா வாசிங்க சார், அப்பதான் மனசுல நிக்கும்."

"அப்படித்தான் வாசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் பவ்யமாக.

விழுப்புரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். அந்தத் தெம்பில் எங்கள் வீட்டுக் கதைக்குப் போனேன். "எங்கப்பா ஒரு ரேடியோ பைத்தியம் சார். காலையில 7.15 டெல்லி நியூஸ் வந்துட்டா வீட்ல குக்கர்கூட விசிலடிக்கக் கூடாது. அதுல ஒருத்தர் வாசிப்பார் பாருங்க..." என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆகாசவாணி... செய்திகள்..." என்று ஆரம்பித்து, வங்கக் கடலில் புயலைக் கிளப்பி, கடலோர மாவட்டங்களில் கனமழை வரை கொட்டித் தீர்த்தேன். எதிர் சீட் குழந்தை கை தட்டியது. அவரும் தட்டினார்.

"நல்லா இருக்கு. 'மழை'யில மட்டும் 'ழ' இன்னும் கொஞ்சம் வரணும்."

அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டாமோ? என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். ரேடியோக்காரருக்கு ஏது முகம்? பேச்சோ சுத்தமான மதுரைப் பேச்சு. ரயில் சத்தம் வேறு. தவிர, 7.15 என்பது எனக்கு நடுராத்திரி.

2007-ல் வாஷிங்டன் மெட்ரோ ஸ்டேஷன் ஒன்றில் ஜோஷுவா பெல் என்கிற பிரபல வயலின் மேதை, தொப்பியும் சாதாரண உடையுமாக நின்று 43 நிமிஷம் வாசித்தார். ஒரு பத்திரிகையின் பரிசோதனை. ஆயிரம் பேருக்கு மேல் கடந்து போயும் அடையாளம் கண்டவர் ஒரே ஒரு பெண்மணி. அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆயிரம் பேரில் எவனும் அவர் முன்னால் நின்று வயலின் வாசிக்கிற மாதிரி மிமிக்ரி பண்ணவில்லை.

திருச்சி தாண்டி, "அப்பா இப்பவும் நியூஸ் கேக்கறாரா?" என்றார்.

"அதை விட்டா அவருக்கு வேற என்ன சார்? கண்ணு மங்கிப் போச்சு. பேப்பர் படிக்க முடியாது."

அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவில்லை. திண்டுக்கல்லில் தன் தயிர்சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

மதுரையில் இறங்கினால், தங்கை கையைப் பிடித்தபடி பிளாட்பாரத்தில் அப்பா. எனக்குப் பின்னால் வாசலை மறித்துக்கொண்டு மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டம். "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க" என்றார் அவர். அவ்வளவுதான்.

அப்பாவின் தலை சட்டென்று திரும்பியது. அவர் பெயரைச் சொன்னார். ரேடியோவில் வருகிற மாதிரியே முழுப் பெயர், இனிஷியலோடு.

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "குக்கர் விசிலடிக்கக் கூடாதுங்கறவர் நீங்கதானா?"

அப்பாவோ, "போன வாரம் ரெண்டு நாள் தொண்டை கட்டியிருந்துச்சே சார், இப்பத் தேவலாமா?" என்றார். அந்த மனுஷருக்கு உடனே பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அப்பாவுக்கு அது தெரியாதே என்று பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். "தேவலாம் ஐயா" என்றார். இந்தத் தடவை அது 7.15 குரல். எனக்கே தெரிந்தது!

ஆட்டோவில் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏழெட்டு மணி நேரம் அவர் பக்கத்துல உக்காந்து வந்திருக்கியேடா! என்ன பேசினே?"

"பொதுவா..." என்றேன்.

மறுநாள் காலை 7.15-க்கு முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு யாரோ வாசித்தார்கள்.

"அவர்தான் ஊருக்கு வந்திருக்காரே" என்றார் அப்பா, சித்தப்பா வந்திருக்கிறார் என்பது போல.