மேற்கே புகை: கோவை மலையடிவாரம் ஏன் எரிகிறது?

2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீ நாள்கணக்கில் அடங்கவில்லை. மதுக்கரை வனச்சரகத்தைச் சேர்ந்த செங்குத்துச் சரிவு அது. பல இடங்களில் ஆள் ஏறி நிற்கவே வழி கிடையாது. கடைசியில் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் வந்தது. கீழே தொங்கவிட்ட ராட்சத வாளியில், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் மலம்புழா அணையிலிருந்து தண்ணீரை மொண்டு வந்து கொட்டியது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் காட்டில் தீ பிடித்தபோதும் அதே சூலூர், அதே வாளி. அங்கே 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றியதாக விமானப்படை சொன்னது. கேட்கப் பெரிய கணக்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் ஓடுகிற 12,000 லிட்டர் தண்ணி லாரிக்கு இது ஒன்றரை லோடு கூட இல்லை. ஆள் போக முடியாத முகட்டுக்கு ஹெலிகாப்டர் வேண்டும்தான், அதில் தப்பில்லை. ஆனால் வானத்திலிருந்து யாராவது வந்து அணைத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை அந்த வீடியோக்கள் வளர்த்துவிட்டன. ஏப்ரலில் மலை எவ்வளவு எரியும் என்பது ஜனவரியிலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

காரணம் நம் மண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை தடுத்து வைத்துக்கொள்கிறது. சிறுவாணி மலையில் கொட்டித் தீர்க்கும் மழை, சமவெளிக்கு இறங்குவதற்குள் சாரலாகிவிடும். கோவை நகரத்துக்கு ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மார்கழியோடு அது ஓய்ந்தால், அடுத்து நம்பக்கூடியது சித்திரையில் வரும் கோடை மழைதான். இடையில் தை, மாசி, பங்குனி. இந்த மூன்று மாதத்தில் மலையடிவாரம் காய்ந்து சருகாகிவிடும்.

வறண்ட பூமி என்றாலே தீ ஆபத்து அதிகம் என்று நினைக்கிறோம். அப்படியே சொல்லிவிட முடியாது. முழுப் பாலைவனத்தில் எரிவதற்கு ஒன்றும் இருக்காது. வால்பாறைச் சோலைக்காடு போன்ற ஈரக்காட்டில் தீ லேசில் பற்றாது. ஆபத்தெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்: மழைக்காலத்தில் இடுப்பளவு புல் வளரும் அளவுக்கு ஈரமும், கோடையில் அந்தப் புல் கையில் நொறுங்கும் அளவுக்கு வறட்சியும் சேர்ந்த இடத்தில். மதுக்கரை, போளுவாம்பட்டி, காரமடை, சிறுமுகை, அப்படியே சத்தியமங்கலம் என்று நீளும் இலையுதிர்காடும் முள்காடும் இந்த வகைதான். அதனால் நல்ல மழை பெய்த ஆண்டில் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மழை வளர்த்த புல்தான் அடுத்த கோடைக்கு விறகு.

புல் மட்டும் இருந்தால் தீ தரையோடு ஓடி ஓய்ந்துவிடும். நிலைமையைக் கெடுத்தது உண்ணிச்செடி. 1800-களின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கல்கத்தாவுக்கு வந்தது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆள் நுழைய முடியாத புதராக நிற்கிறது. யானையும் மானும் அதைத் தின்பதில்லை. அதன் காய்ந்த தண்டுகள் தரையிலிருந்து மரக்கிளை வரை பின்னிக் கிடப்பதால், கீழே ஓடும் தீக்கு ஏணி போட்டுக் கொடுக்கின்றன. உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் போன்ற அயல்தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்தது. வேலையும் நடக்கிறது. ஆனால் வேரோடு பிடுங்காமல் வெட்டி மட்டும் விட்டால் ஒரே மழையில் துளிர்க்கும் செடி அது.

மூன்றாவது காரணம், சரிவு. சமதரையில் ஓடும் தீ, பத்து டிகிரி ஏற்றம் வந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகம் எடுக்கும் என்பது தீயணைப்பில் கைக்கணக்கு. சுடர் மேலே சாய்ந்து, அடுத்திருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. பகல் ஏற ஏற, வெயிலில் சூடான காற்றும் மலையை நோக்கி மேலே போகும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது இதன் கொடூரமான உதாரணம். கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினர் புல்சரிவில் தீயிடம் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. போனவர்களில் நம் ஈரோட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024-இல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் பாதைகளையும் தீக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். பணம் கட்டி முன்பதிவு செய்யக் காத்திருப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். குரங்கணியை நினைத்தால் இருக்காது.

தீக்குச்சி யார் கையில்?

மூங்கில் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். மூங்கில் பூத்தபின் கூட்டமாகக் காய்ந்து செத்து, தீக்குத் தீனியாவது உண்மை. ஆனால் தீயைத் தொடங்கிவைப்பது அநேகமாக மனிதக் கைதான் என்பதே வனத்துறையினரின் அனுபவம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மழையில்லாத இடி மின்னல் காட்டைக் கொளுத்துவது வாடிக்கை. நம் பங்குனி வானத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு.

கை என்றால் எல்லாம் கெட்ட கை இல்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று ஆடு மாடு மேய்ப்பவர் வைப்பது ஒன்று. தேன் எடுக்கப் போனவர் விட்டுவந்த புகைமூட்டம் ஒன்று. அணைக்காத பீடித்துண்டு, ஓடைக்கரையில் குடித்துவிட்டுச் சமைத்துவிட்டுப் போனவர்களின் அடுப்பு, வேட்டைக்காரர்களின் வேலை என்று பட்டியல் நீளும். இவற்றோடு, வரப்பு ஓரக் குப்பைக்கு வைக்கும் நெருப்பு. குன்னூர்த் தீயே தனியார் நிலத்தில் குப்பையை எரித்ததால் பரவியது என்றுதான் வனத்துறை சொன்னது. தென்னை மட்டை, பன்னாடை, கரும்புச் சோகை, எதுவானாலும் தோட்டத்து மூலையில் குவித்துக் கொளுத்துவது நம் பழக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடாக இருந்தால் அது சட்டப்படி குற்றமாக முடியும். 1882-இன் தமிழ்நாடு வனச் சட்டமே காப்புக்காட்டில் தீ வைப்பதைத் தடை செய்கிறது.

வெள்ளியங்கிரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை ஏழு மலை ஏற அனுமதிக்கும் காலமும், காடு மிகவும் காய்ந்திருக்கும் காலமும் ஒன்றே. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ராத்திரி முழுக்கக் கூட்டம் ஏறுகிறது. பூண்டி அடிவாரத்தில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், பிளாஸ்டிக்கைவிடத் தீப்பெட்டியைத்தான் முதலில் தேட வேண்டும்.

செயற்கைக்கோள் பார்க்கிறது, ஆனால்

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. வனவருக்கு மட்டுமல்ல, பதிவு செய்துகொள்ளும் பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும். பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். ஒரு வகைக் கருவியின் புள்ளி 375 மீட்டர் சதுரம். அதாவது சுமார் 35 ஏக்கருக்குள் எங்கோ தீ இருக்கிறது என்றுதான் அது சொல்லும். அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவதும் நாளுக்குச் சில முறைதான். காலை பத்தரைக்கு வைத்த தீயை மதியத்துக்கு மேல் பார்க்கலாம். அதற்குள் அது மலையேறிவிட்டிருக்கும்.

செய்தி வந்தபின் போகப்போவது யார்? தீத்தடுப்புக் காவலர்களும் வேட்டைத்தடுப்புக் காவலர்களும். பலர் மலையடிவாரத்து இருளர் குடும்பத்துப் பிள்ளைகள். கையில் பச்சைத் தழைக் கொத்து, அல்லது சருகை ஊதித்தள்ளும் மெஷின், முதுகில் தண்ணீர் கேன். நெருப்பின் ஓரத்தில் நின்று தழையால் அடித்து அடித்து அணைப்பார்கள். சில இடங்களில் தீ வரும் பாதையில் முன்கூட்டியே எதிர்த்தீ வைத்து, எரிய ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவார்கள். எந்தப் பக்கம் காற்று திரும்பும், எந்தப் பள்ளத்தில் இறங்கினால் தப்பலாம் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். ஹெலிகாப்டருக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை இவர்களுக்கு நல்ல பூட்ஸும் நிலையான சம்பளமும் கொடுக்கச் செலவிட்டால் பலன் கூடுதலாக இருக்கும் என்பது என் எண்ணம்.

பழங்குடியினர் அறிந்தது இன்னொன்றும் உண்டு. சத்தியமங்கலத்தை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் சருகுக்குச் சிறுதீ வைக்கும் வழக்கம் கொண்டிருந்தார்கள். கோடை முற்றும் முன், ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே வைப்பதால் மரத்துக்குச் சேதமில்லை, சருகும் சேராது. சரணாலயமானபின் அது நின்றது, உண்ணிச்செடி பெருகியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதற்காக நாளைக்கே கொளுத்த ஆரம்பிக்க முடியாது. புதர் இந்த அளவுக்கு மண்டியபின் வைக்கும் சிறுதீ சிறுதீயாக நிற்காது. முதலில் புதரை எடுக்க வேண்டும்.

மலையை விட்டுக் கிழக்கே வந்தால் காங்கேயம், மூலனூர், தாராபுரம். கொங்கின் மிக வறண்ட பகுதி இது. ஆனாலும் இங்கே பெருந்தீ அபூர்வம், ஏனென்றால் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதை மேயும் மாடும் செம்மறியும். மேய்ந்த புல்லில் தீ ஓடாது. மாடு போய், நிலம் சைட்டு போட்டுக் கல் நட்டபின் கேட்பாரில்லாமல் கிடந்தால், அதே புல் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்து நிற்கும். 2023 ஆகஸ்டில் ஹவாய்த் தீவுகளின் லஹைனா நகரம் எரிந்து சுமார் நூறு பேர் இறந்தபோது, தீயை ஊருக்குக் கொண்டுவந்தது கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் மண்டிய அயல்புல்லும் பலத்த காற்றும்தான். காற்றுக்கு நமக்கும் பஞ்சமில்லை, பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது.

மலையடிவாரத்தில் பண்ணைவீடும் ரிசார்ட்டும் கட்டியவர்கள் கவனிக்க வேண்டியது சுவரை அல்ல, சுற்றுப்புறத்தை. வீட்டைச் சுற்றிச் சில மீட்டர் அகலத்துக்குச் சருகும் புல்லும் இல்லாமல் வைத்திருந்தால் பாதி ஆபத்து குறையும். ஓலைக்கூரை அழகுதான், ஆனால் பறந்து வரும் ஒரு பொறி போதும். காட்டில் தீயிடம் சிக்கினால் மேட்டை நோக்கி ஓடக்கூடாது, தீ நம்மைவிட வேகமாக ஏறும். பாறைப் பரப்பு, ஓடை, ஏற்கெனவே எரிந்து முடிந்த கரித்தரை, இவைதான் பாதுகாப்பான இடங்கள். பாலியஸ்டர் துணி உடலோடு உருகி ஒட்டும், பருத்தி மேல்.

வனத்துறை ஜனவரி, பிப்ரவரியில் காட்டோரம் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. அந்தக் கோடு காப்புக்காட்டின் எல்லையோடு நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் பட்டா நிலத்தை உரிமையாளரும் புறம்போக்கை ஊராட்சியும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி 26 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராமசபை கூடும். காட்டோரத்துப் புல்லை யார் வெட்டுவது, பிப்ரவரியிலிருந்து கோடை மழை வரை தோட்டக் குப்பையை எரிக்காமல் எங்கே மக்கவைப்பது, புகை தெரிந்தால் முதலில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று மூன்றே தீர்மானம் போடலாம். அதற்கடுத்த கிராமசபை மார்ச் 22. அதற்குள் மலை காய்ந்து சருகாகியிருக்கும்.