கேஸ் அலாரம் அடிக்குது... உடனே 'ரீசெட்' அமுக்கலாமா?

பெரிய ஹோட்டல் சமையலறையிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் கேஸ் பேங்க் பக்கத்திலோ சுவரில் ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீங்க. சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள். கீழே இரண்டு மூன்று பட்டன்கள். அது அலற ஆரம்பித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: சத்தம் நிற்கும் வரை எல்லா பட்டனையும் அமுக்குவது. ஆபத்தே அங்கேதான்.

மியூட் வேற, ரீசெட் வேற

மியூட் அமுக்கினால் சத்தம் மட்டும் நிற்கும். சிவப்பு விளக்கு எரியும். கேஸ் லைனை அடைத்த சோலனாய்டு வால்வும் மூடியே இருக்கும். ரீசெட் அப்படியல்ல. 'பிரச்னை தீர்ந்தது' என்று நாம் பேனலுக்குச் சொல்வது அது.

சத்தம் நின்றால் கசிவும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. 1984 டிசம்பரில் போபால் யூனியன் கார்பைடு ஆலையில், ஊருக்குக் கேட்கும் சைரன் ஒலித்த சிறிது நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. விஷவாயு வெளியேறிக்கொண்டேதான் இருந்தது.

20 என்றால் என்ன?

எல்.பி.ஜி. காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவைத்தான் பேனல் 100 என்று கணக்கு வைக்கிறது. பொதுவாக 10 அல்லது 20ஐத் தொடும்போதே முதல் அலாரம் வந்துவிடும். அதாவது, தப்பிக்க நேரம் இருக்கும்போதே கூப்பிடுகிறது.

சரி, எண் தானாக இறங்கிவிட்டால்? அப்பவும் நம்பக்கூடாது. கேஸை எரித்து அளக்கும் கேட்டலிட்டிக் சென்சாருக்கு ஆக்சிஜன் தேவை. அறை முழுக்க கேஸ் நிரம்பினால் ஆக்சிஜன் போதாமல் ரீடிங் குறைவாகக் காட்டும். அதனால்தான் பல பேனல்களில், ஒருமுறை வந்த அலாரம் தானாக அடங்காதபடி 'லாட்ச்' செய்து வைக்கிறார்கள்.

அப்போ என்ன செய்யணும்?

முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். முடிந்தால் சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் என எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி சாக்கடைக் குழியில் தேங்கும். மூக்குக்கு வாசனை தெரியவில்லை என்பது ஆதாரமே இல்லை. வெளியே வந்ததும் கசிவு உதவி எண் 1906, அல்லது தீயணைப்புத் துறை எண் 101க்கு அழையுங்கள்.

கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, ரீடிங் பூஜ்யத்தில் நிலையாக நின்ற பிறகே ரீசெட். அதற்கு முன் ஒரு வேலை இருக்கு, பரபரப்பில் எல்லாரும் மறப்பது: அடுப்புத் திருகுகள் எல்லாம் மூடியிருக்கா என்று பாருங்கள். அலாரம் வந்தபோது வால்வு அடைத்ததால் அணைந்த அடுப்பு, திறந்தபடியே இருக்கலாம். வால்வு திறந்ததும் அந்த வழியே பச்சை கேஸ் வெளியேறும்.

மஞ்சள் விளக்கு எரிந்தால்?

அது கேஸ் இல்லை. சென்சார் அல்லது வயர் கோளாறு. ரீசெட் செய்தாலும் திரும்ப வரும். அதுவரை அந்த இடத்தில் கேஸ் கசிந்தாலும் பேனலுக்குத் தெரியாது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். அவர் சோதனைக்காக அலாரத்தை 'இன்ஹிபிட்'டில் போட்டிருந்தால், கிளம்பும் முன் எடுத்துவிட்டாரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.