வகுப்பறையில் ஓர் அளவுகோல், வீட்டு வாசலில் இன்னொன்று

புது தில்லி: மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 2026-27-க்குள் இது நிறைவேற வேண்டும். 2021-ல் மத்திய அரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டத்தின் இலக்கு இது. எட்டியாகிவிட்டது என்பதை எதைக் கொண்டு அளப்பது?

'பிரதம்' தன்னார்வ அமைப்பு 2005-ல் தொடங்கிய 'அசர்' ஆய்வு வீடு தேடிச் செல்கிறது. மாவட்டத்துக்கு 30 கிராமங்கள், கிராமத்துக்கு 20 வீடுகள். எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை ஆகியவை அச்சிட்ட தாளைக் குழந்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கு வராதவரும், பதிவேட்டில் மட்டும் இருப்பவரும் கணக்கில் சேர்கிறார்கள். 2024-ல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தவர்கள் 48.8 சதவீதமே, 2022-ல் 42.8 சதவீதம்.

அரசின் தேசிய அடைவு ஆய்வு பள்ளியில் நடத்தப்படுவது. 2021-ல் சுமார் 34 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். பல பாடங்களையும் நகரங்களையும் அது தொடுகிறது. ஊரகத்தோடு நின்றுவிடும் 'அசர்' ஆய்வுக்கு அந்த வீச்சு இல்லை. ஆனால், தேர்வு நாளில் பள்ளிக்கு வராத குழந்தை அதன் கண்ணில் படுவதில்லை. படிக்கத் திணறுபவர்கள்தாம் பெரும்பாலும் பள்ளிக்கு வராதவர்கள்.

2024 டிசம்பரில் 'பரக்' அமைப்பு நடத்திய ஆய்வும் பள்ளிக்குள்ளேயே நடந்தது.