டர்போ தரும் திறன் இலவசமா?

விடுதியில் உணவு வேளையில் ஒரு வாதம் எழுந்தது. “வீணாய்ப் போகும் புகையைக் கொண்டே டர்போ இயங்குகிறது. ஆகவே அது தரும் திறன் முழுதும் இலவசம்” என்றார் நண்பர் ஒருவர். இஃது உண்மையா? ஒரே நிறுவனம் ஒரே அளவில் செய்த இரண்டு இன்ஜின்களை ஒப்பிட்டு விடை காண்போம்.

ஜெர்மானியரின் போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் கார் உலகறிந்தது. அதில் 1975இல் வந்த டர்போ வகைக்கும், 1976ஆம் ஆண்டு மாடலான ‘கரேரா 3.0’ வகைக்கும் 3 லிட்டர் இன்ஜினே. இரண்டிலும் ஆறு சிலிண்டர்கள். இரண்டையும் குளிர்விப்பது காற்றே.

கரேராவில் பிஸ்டன் பின்வாங்கும்போது காற்று தானே உள்ளே வருகிறது. டர்போவிலோ, வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது.

காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். போர்ஷே டர்போ காற்றின் அழுத்தத்தை ஏறக்குறைய 1.8 மடங்காக்கியது. கரேராவின் திறன் 200 குதிரைத்திறன். அப்படியானால் டர்போ 360 தரவேண்டுமன்றோ? தந்ததோ 260. மீதி எங்கே போயிற்று?

சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சுடுவதை அறிவோம். அமுக்கிய காற்று சூடேறி விரிகிறது. ஆதலால் அழுத்தம் கூடிய அளவுக்கு அடர்த்தி கூடுவதில்லை. மேலும், சூடான பெட்ரோல் கலவை பொறி படுமுன்னரோ, சுடர் பரவுமுன்னரோ தானே வெடித்து இன்ஜினைத் தாக்கும். அதைத் தவிர்க்கவே அமுக்க விகிதத்தை 8.5இலிருந்து 6.5ஆகக் குறைத்தனர். விகிதம் குறைந்தால், அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் குறையும். புகையின் வழியில் சக்கரம் குறுக்கே நிற்பதால், அதை வெளித்தள்ளப் பிஸ்டனும் கூடுதலாக உழைக்கவேண்டும். ஆக, திறன் முழுதும் இலவசமன்று.

இன்னொரு விலையும் உண்டு. குறைந்த வேகத்தில் புகை போதாது. சக்கரம் விழிக்கச் சற்று நேரமாகும். பின் திறன் திடீரெனப் பாயும். வளைவின் நடுவே அது பாய்ந்தால், பின்புறம் இன்ஜின் கொண்ட அந்தக் கார் சறுக்கும். 1978 மாடலில் போர்ஷே 3.3 லிட்டர் இன்ஜினை அமைத்து, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியையும் சேர்த்தது. திறன் 300 ஆயிற்று.

பிழைப்புக்காகச் சேலத்திலிருந்து சித்தூருக்கு வந்த லாரி ஓட்டுநரின் மகன் நான். டீசல் இன்ஜின் காற்றை மட்டுமே அமுக்கி, இறுதியிலேயே எரிபொருளைப் பெறுவதால் டர்போ அதற்கு நன்கு பொருந்தும். திருப்பதியிலிருந்து மதனப்பள்ளிக்குப் பாரத்துடன் பாகராப்பேட்டை மலைப்பாதை ஏறும் லாரிக்கு அது பெருந்துணை. ஆனால் ஒருநாள் ஏறி முடித்ததும் அப்பா இன்ஜினை உடனே நிறுத்திவிட்டார். எண்ணெய் ஓட்டம் நின்றது. கனன்றுகொண்டிருந்த டர்போவின் அச்சில் எஞ்சிய எண்ணெய் கரியாயிற்று. இப்படிப் பலநாள் நடந்ததில் டர்போ பழுதாயிற்று. அந்த ஆண்டு என் கல்லூரிக் கட்டணம் தாமதமானது அதனால்தான்.

இப்போது அப்பா மேலேறியதும் இரண்டு நிமிடம் இன்ஜினை மெல்ல ஓடவிட்டே நிறுத்துகிறார். அந்த இரண்டு நிமிடமும் டர்போவுக்கு நாம் தரும் விலையே. நண்பருக்கு என் விடை இதுதான்: வீணாவதில் ஒரு பங்கை டர்போ மீட்டுத் தருகிறது, ஆனால் கணக்கில் வரவு மட்டும் எழுதலாகாது, செலவையும் எழுதவேண்டும்.