ட்ரோனில் மருந்து அடிக்கப் போறீங்களா? முதல்ல காற்றைப் பாருங்க!

நாளைக் காலையில் உங்கள் வயலுக்கு ட்ரோன் வருகிறது. வாடகை பேசியாச்சு, மருந்து வாங்கியாச்சு. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு: செல்போனில் வானிலை பார்ப்பது.

கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனுக்கு 10 லிட்டர் போதும். அதனால் கரைசல் அடர்த்தியாக இருக்கும், துளிகளும் ரொம்பப் பொடிசு. காற்று கொஞ்சம் இழுத்தாலே வரப்பைத் தாண்டிவிடும். நெல்லுக்கு அடித்த 2,4-டி களைக்கொல்லி பக்கத்து வயல் பருத்தியில் பட்டால் இலை சுருண்டு பயிர் கெடும். பூச்சிமருந்து மல்பெரியில் பட்டால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். அப்புறம் பக்கத்து வயல்காரரிடம் முகம் கொடுத்துப் பேச முடியுமா?

காற்று வினாடிக்கு 3 மீட்டரை, அதாவது மணிக்குச் சுமார் 11 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புகும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஆனி, ஆடியில் பகல் நேரத்தில் இது சாதாரணம்.

"அப்போ காற்றே இல்லாத விடியற்காலை நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே கிளம்பாமல் அப்படியே கிடக்கும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். பொடித்துளிகள் பயிரில் இறங்காமல் அந்த அடுக்கிலேயே மிதந்து, வேறெங்கோ போய்ப் படியும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அடுப்புப் புகை மேலே போகாமல் படுக்கையாகப் பரவுகிறதா? காத்திருங்கள். வெயில் ஏறி, லேசான காற்று ஒரே திசையில் வீசும்போது தொடங்கலாம். உச்சி வெயிலும் ஆகாது, துளி வழியிலேயே ஆவியாகிவிடும்.

உழவன் செயலியிலும், மத்திய அரசின் மேகதூத் செயலியிலும் வானிலை முன்னறிவிப்பு கிடைக்கும். இடிமேகம் தெரிந்தால் தாமினி செயலியைத் திறங்கள். 20 முதல் 40 கி.மீ. சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். வெட்டவெளியில் ரிமோட்டோடு நிற்பவரும் ஒரு மனிதர்தானே! ஆனால் செயலி காட்டும் காற்று வேகம் உங்கள் வட்டாரத்துக்கானது, உங்கள் வயலுக்கானது அல்ல. வரப்பில் நின்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகே மருந்தைக் கலக்குங்கள். கலந்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது.

ஓட்டுநர் "இன்னைக்கு வேண்டாங்க" என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். தெளிப்புக்கு 24 மணி நேரம் முன்பே ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் தகவல் சொல்லியிருப்பீர்கள். தேதி மாறினால் அவர்களுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் மறுபடியும் சொல்லிவிடுங்கள்.