முதுகில் எதற்கு ஊசி?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒருவர், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைச் சென்னைக்கு அழைத்துப்போனால் அன்றைய கூலி போய்விடும். சில வாரங்களில் 'ரத்தத்தில் கேன்சர் செல் இல்லை' என்று ரிப்போர்ட் வருகிறது. பிள்ளையும் ஓடியாடுகிறது. பிறகும் முதுகில் ஊசியா? 'கால் விளங்காமப் போயிடும்' என்று பக்கத்து வீட்டில் வேறு பயமுறுத்துகிறார்கள்.

மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள், கண்டதையும் உள்ளே விடாத இறுக்கமான சுவர் கொண்டவை. கையில் ஏற்றும் புற்றுநோய் மருந்துகள் பலவற்றையும் அந்தச் சுவர் தடுத்துவிடும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் ஏற்கெனவே புகுந்துகொண்ட சில ரத்தப் புற்றுநோய் செல்களுக்கு அந்த நீரே புகலிடம். அங்கே மருந்தை நேரே சேர்க்கத்தான் முதுகில் ஊசி.

1960-களில் இது கொடுமையாகத் தெரிந்தது. மருந்தில் தேறிய குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் மூளையில் திரும்பியது: தலைவலி, வாந்தி, கோணிய முகம். அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கல், அறிகுறி தெரியுமுன்பே தலைக்குக் கதிர்வீச்சும் முதுகு வழியே மெதோட்ரெக்சேட் என்ற மருந்தும் கொடுத்தார். பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். மெதோட்ரெக்சேட் சேர்ந்த மருந்து வகையை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ்.

1984-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறை தொடங்கியது. மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைகளும் அதைக் கையாண்டன. அதிலும் தலைக்குக் கதிர்வீச்சு உண்டு. கதிர்வீச்சு பிள்ளைகளின் படிப்பையும் வளர்ச்சியையும் பாதித்ததால், இன்று பெரும்பாலோருக்கு அதைத் தவிர்த்து முதுகு ஊசியையே நம்புகிறார்கள். அதனால்தான் அந்த ஊசியில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து இறால்போலச் சுருட்டிப் பிடிக்கிறார்கள். தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. கால் விளங்காமல் போகும் என்ற பயத்துக்கு இதுதான் பதில். தண்ணீர்போலத் தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் விழுகிறது, அது பரிசோதனைக்கு. அதே ஊசி வழியே மருந்து மெதுவாக உள்ளே போகிறது. பிறகு சிறிது நேரம் நேராகப் படுத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து, சாயங்கால வண்டிக்கே ஊர் திரும்புகிற பிள்ளைகளும் உண்டு.