எட்டுக் கால் சிப்பும் பாதியில் நின்ற அப்டேட்டும்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை நாள். அப்படியொரு செவ்வாய் மதியம், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் அக்கா ஒருவர் தன் கடை சிபியுவைத் துண்டில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். பயாஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரன்ட் போய்விட்டது. பழைய யுபிஎஸ் பேட்டரி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "போர்டு போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும்னு சொல்றாங்க தம்பி" என்றார். கல்லூரிச் சேர்க்கை நடந்துகொண்டிருந்த நேரம். அவருக்கு ஒவ்வொரு நாளும் வருமானம்.

பட்டனைத் தட்டினேன். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. கீபோர்டில் நம்லாக் விளக்கு எரியவில்லை. உடனே பயாஸ்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ரேம் அழுக்கேறினாலும் இதே நிலைதான். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் கழற்றி, ரேமையும் எடுத்துவிட்டு, சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்தேன். பயாஸ் உயிரோடு இருந்தால் ரேம் இல்லையென்று பீப் அடிக்கும். அடிக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்போதுதான் சந்தேகம் சிப்பின் மேல் திரும்பியது.

பயாஸ் என்பது ஆன் செய்ததும் பிராசஸர் முதலில் படிக்கும் நிரல். அது இருப்பது ஹார்டு டிஸ்கில் அல்ல, போர்டில் சால்டர் செய்த எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில். அப்டேட் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். நடுவில் கரன்ட் போனால் சிப்பில் பாதி வெறுமையாக நிற்கும். போர்டில் எதுவும் எரிந்திருக்காது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியபோது, ஹார்டு டிஸ்கை அழித்ததோடு பல கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது.

முதலில் எளிய வழிகள். கரன்ட் ஒயரைப் பிடுங்கி, சிஆர் 2032 பட்டன் பேட்டரியை எடுத்து, கிளியர் சிமாஸ் ஜம்பரைச் சில விநாடி இணைத்தேன். இதனால் அமைப்புகள் மட்டுமே அழியும், நிரல் திரும்ப வராது. ஆனாலும் அப்டேட்டுக்குப் பின் பழைய அமைப்பு இடித்து நிற்கும் போர்டுகள் இதிலேயே எழுந்துவிடும். அடுத்து, எஃப்ஏடி32-இல் ஃபார்மட் செய்த பென்டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு மீட்புக்கு முயல வேண்டும். ஆசுஸ், எம்எஸ்ஐ போர்டுகள் பலவற்றில் இதற்கென்றே பின்பக்கம் பட்டன் உண்டு. எச்பி லேப்டாப்பில் விண்டோஸ் கீயையும் பி-யையும் பிடித்தபடி ஆன் செய்ய வேண்டும். டெல் லேப்டாப்பில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். அக்காவின் போர்டில் பட்டனும் இல்லை, பென்டிரைவ் முயற்சிக்குப் பலனும் இல்லை.

மிச்சம் இருந்தது புரோகிராமர். சிஎச்341ஏ என்ற சின்னக் கருவி, அதோடு எட்டுக் காலையும் கவ்வும் கிளிப். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிப்பின் தலையில் 25கியூ128 என்றிருந்தது. 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். இங்கே எண்ணோடு எழுத்தையும் படிக்க வேண்டும். பெரும்பாலான சிப்புகள் 3.3 வோல்ட், எண்ணுக்குப் பின் எஃப்டபிள்யூ என்று வரும் வின்பாண்ட் வகை 1.8 வோல்ட். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் தொட்டால், இதுவரை சாகாத போர்டு நம் கையில் சாகும்.

பவரும் பட்டன் பேட்டரியும் கழற்றிய நிலையில், புள்ளியிட்ட முதல் காலில் சிவப்பு ஒயர் வரும்படி கிளிப்பை மாட்டினேன். கருவி சிப்பை அடையாளம் காணவில்லை. போர்டின் மற்ற பாகங்கள் மின்சாரத்தை இழுத்தாலோ கிளிப் சரியாகக் கவ்வாவிட்டாலோ இப்படி ஆகும். கிளிப்பை நான்கு முறை மாற்றிப் பிடித்ததும் தெரிந்தது. தெரியாமலே போயிருந்தால் ஹாட் ஏர் வைத்துச் சிப்பை எடுத்திருப்பேன்.

இனிதான் பலர் அவசரப்படும் இடம். அழிப்பதற்கு முன், கெட்டுப்போன நிரலையே இரண்டு முறை படித்துத் தனித்தனியாகச் சேமித்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கிளிப்பை நம்பலாம். அந்தப் போர்டின் சீரியல் எண்ணும், பல போர்டுகளில் நெட்வொர்க் முகவரியும், சில கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் உரிம எண்ணும் அதற்குள் இருக்கும். தொலைத்தால் எந்த இணையதளத்திலும் கிடைக்காது.

போர்டில் அச்சிட்ட மாடலையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து அதற்குரிய கோப்பை நிறுவனத் தளத்திலிருந்து இறக்கினேன். அளவு 1,67,79,264 பைட். சிப்பின் கொள்ளளவோ 1,67,77,216. மிகுதி 2,048 பைட் வெறும் தலைப்பு. அதை வெட்டாமல் எழுதினால் எல்லாம் இடம் தள்ளிப்போகும். வெட்டி, பழைய கோப்பிலிருந்து சீரியலையும் முகவரியையும் அதே இடத்தில் ஒட்டினேன். பிறகு அழி, வெறுமை பார், எழுது, சரிபார். இந்த வேலை முழுவதும் நல்ல சார்ஜுள்ள லேப்டாப்பில்தான்.

ரேமையும் கழற்றிய மற்றவற்றையும் மாட்டி ஆன் செய்ததும் தானே அணைந்து இரண்டு முறை திரும்ப எழுந்தது. ரேமைப் பழகிக்கொள்ளும் நேரம் அது; அப்போது பட்டனைத் தொடக்கூடாது. மூன்றாம் முறை திரையில் படம் வந்தது. தேதியைத் திருத்தி, டிஸ்க் அமைப்பை ஏஎச்சிஐ-க்கு மாற்றியதும் விண்டோஸ் திறந்தது. மறுநாள் காலை அக்கா கடையில் விண்ணப்பங்கள் ஏறின.

சர்வீஸ் செய்யும் நண்பர்களே, போர்டு போய்விட்டது என்று சொல்லுமுன் அந்தச் சிப்பை ஒருமுறை படித்துப் பாருங்கள்.